ஸ்பெயின் ஒயினும் உப்பில்லாத கறியும்

தவக்காலத்தின் நடுவில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஒயின் பாட்டில் வந்தது. துண்டில் சுற்றி, மேலே முளைக்கீரைக் கட்டை வைத்து, மஞ்சப்பையில் கொண்டுவந்தவள் என் மனைவியின் தங்கை. வில்லியனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் தெருவுக்கு வருவதற்குள், கோயில் பங்கைச் சேர்ந்த யார் யாரோ அவளிடம் பையில் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். கீரை என்று சொல்லியிருக்கிறாள். அதில் பொய் இல்லை.

பாட்டிலைச் சாப்பாட்டு மேஜையில் நிறுத்திவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“இதுங்கூட இன்னா சாப்புடலாம்னு நீங்கதான் மாமா சொல்லணும்.”

அவள் கல்யாணச் சமையலுக்குப் போகிறவள். வெங்காயம் உரிப்பதில் தொடங்கி, மசாலா அரைப்பது, கறி வதக்குவது, அடுப்பைக் கவனிப்பது எல்லாமே அவளும் அவளோடு வரும் பெண்களும்தான். ஆனால் உப்பு மட்டும் மாஸ்டர் போடுவார். எங்கள் பக்கத்துச் சமையல்கட்டில் அது சட்டம். குழம்பு கொதித்ததும் பெண்கள் ஒதுங்கி நின்று, “மாஸ்டர், உப்பு!” என்று குரல் கொடுக்க வேண்டும். மாஸ்டர் பந்தலில் யாரோடாவது பேசிக்கொண்டிருப்பார். பேச்சை முடித்துக்கொண்டு வந்து, சட்டைக் கையை மடித்து, ஒரு கை அள்ளி அண்டாவில் வீசிவிட்டுப் போவார். சாப்பிட்டவர்கள் பாராட்டினால் அது அந்த ஒரு கைக்குப் போகும். அந்த மரியாதையை அவள் பல முகூர்த்தங்கள் பார்த்துவிட்டாள். தானே உப்புப் போடும் ஒரு சமையல்கட்டு வேண்டும் என்பது அவளுடைய ஆசை. நகை, நிலம் என்று அவள் கேட்டு நான் கேட்டதில்லை. இதைக் கேட்டிருக்கிறேன்.

அதற்கு இப்போது வழி வந்திருந்தது. பாகூர்ப் பக்கம் கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் ஒருவர் பண்ணை வீடு கட்டி, வாரக் கடைசியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். இந்த ஊர்க்காரர்தான். பாதி ஆயுளை ஸ்பெயினில் ஓட்டல் வேலையில் கழித்துவிட்டுத் திரும்பியவர். சனிக்கிழமைதோறும் விருந்தாளிகளுக்கு ஒரு பெரிய சாப்பாடு, கூடவே தனக்குப் பிடித்த ஒரு ஸ்பெயின் சிவப்பு ஒயின் என்பது அவர் திட்டம். ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டுச் சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்த்து, மசாலா அரைத்தது யார் என்று கேட்டிருக்கிறார். கையைத் தூக்கிய இவளிடம் பாட்டிலைக் கொடுத்து, “ஒயின் மாறாது. இதுக்குப் பொருந்துற மாதிரி சமைச்சுக் காட்டுங்க. பிடிச்சா சனிக்கிழமைச் சமையல் உங்களோடது” என்று சொல்லிவிட்டார். ஈஸ்டர் முடிந்து வரும் முதல் சனிக்கிழமை என்று நாளும் குறித்தாயிற்று.

இதில் நான் எங்கே வந்தேன் என்றால், பத்திரிகையில் நெடுங்காலம் ஞாயிறு இணைப்பைப் பார்த்துக்கொண்டவன். ஒயின் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரைகள் எப்போதாவது வரும். நான் அவற்றைத் திருத்தி, தலைப்பு வைத்து, பக்கத்துக்கு அடங்கும்படி வெட்டியிருக்கிறேன். மொழிபெயர்த்தவரும் ஒயின் குடித்ததில்லை, நானும் குடித்ததில்லை. வாசகர்களிடமிருந்து ஒரு மறுப்புக்கூட வந்ததில்லை. அந்தத் தகுதியில் குடும்பத்தில் நான் ஒயின் தெரிந்தவன்.

குடிக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்று அவள் கணவரையும் சேர்த்துக்கொண்டோம். என் சகலை. கரும்பு போடுகிறார், ஆலைக்கு டிராக்டர் ஓட்டுகிறார். அதில் ஒரு சிக்கல் இருந்தது. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கியதும் அவர் பிராந்தியை விட்டுவிடுவார். ஈஸ்டர் பூசை முடிந்து கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் திரும்பப் பிடித்துக்கொள்வார். வருஷாவருஷம் தவறாமல் நடப்பது. எனவே வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை வழிபாடு முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் போனார். துணைக்கு நானும் போனேன்.

“சாமி, ஒரு டவுட்டு.”

“கேளுப்பா.”

“தவக்காலத்துக்கு பிராந்திய வுட்டுட்டேன். ஒயினு அதுல சேருங்களா?”

சாமியார் அவரைப் பார்த்தார். பிறகு இதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

“எதுக்குக் கேக்குற?”

“வூட்டுக்காரி வேல விஷயம் சாமி. ருசி பாத்து சொல்லணும்.”

“வேலைக்கு ருசி பாக்குறது குடி இல்ல. ஆனா உன் மூஞ்சியில வேலைக்குப் போற களை தெரியலியேப்பா.”

கடைசியில் ஒரு மிடறு என்று அனுமதி கிடைத்தது. பூசையில் தினமும் ஒயின் அருந்துகிறவர் ஊரிலேயே அவர் ஒருவர்தான் என்பதால், அதோடு என்ன சாப்பிட்டால் நன்றாக இருக்கும் என்று நானும் கேட்டு வைத்தேன். “எங்களோடது இனிப்பு. ஒரு மிடறு, அதுக்கப்புறம் நேரா காபிதான்” என்றார். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். “கறி நல்லாயிருக்கும்னு நெனைக்கிறேன். ஈஸ்டருக்கு அப்புறம்.”

அந்த வார்த்தையில்தான் பின்னால் நடந்தது எல்லாம் அடங்கியிருந்தது. அக்கா தங்கை இருவரும் தவக்காலம் முழுக்கக் கறியைத் தொடமாட்டார்கள். சமைக்கவும் மாட்டார்கள். ஆக, பண்ணை வீட்டில் சமைக்கப்போகும் முக்கியமான பதார்த்தத்தை முன்கூட்டிச் செய்து பார்க்க வழியில்லை. மீனையும் காய்கறியையும் வைத்து ஒத்திகை பார்ப்பது என்று முடிவானது.

பாட்டிலை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. சிவப்பு ஒயினை அறையின் வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று நானே பலமுறை அச்சேற்றியிருக்கிறேன். அது யாருடைய அறை என்று அப்போது யோசித்ததில்லை. எங்கள் அறையில் அந்த மாதம் தேங்காய் எண்ணெய் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. பாட்டில் ஃபிரிட்ஜுக்குள், இட்லி மாவுக்குப் பக்கத்தில் போனது. அன்று சாயங்காலமே எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம், தெருவிலுள்ள பங்குக் குடும்பங்கள் கூடி ஜெபிப்பது. ஜெபம் முடிந்து தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்த ஒரு அம்மாள், திறந்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். “தங்கச்சியோட வேலைக்கு” என்றாள் என் மனைவி. அந்த அம்மாள் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, “அவளுக்காக வேண்டிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஒத்திகை. எங்கள் கல்யாணத்துக்குப் பரிசாக வந்து ஷோகேஸில் பிரிக்காமலே கிடந்த கண்ணாடிக் கோப்பைகளுக்கு அன்று விடுதலை கிடைத்தது. நான் முறையை விளக்கினேன். முதலில் கோப்பையைச் சுழற்றணும், மோந்து பார்க்கணும், கொஞ்சம் குடித்து வாயில் வைத்திருக்கணும், பிறகு ஒரு வாய் சாப்பிட்டு, மறுபடியும் கொஞ்சம் குடிக்கணும். எல்லோரும் தலையாட்டினார்கள். சகலை கோப்பையைச் சுழற்றினார், மோந்தார், கண்ணை மூடினார், ஒரே மடக்கில் காலி செய்தார். முகத்தைச் சுளித்து “ஹா” என்றார். அதே மூச்சில் விரல் ஊறுகாய்க் கிண்ணத்துக்குப் போய் நாக்குக்கு வந்தது.

“எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“ஊறுகா நல்லாருக்கு சகல.”

“சாமி ஒரு மிடறுன்னாரு,” என்றாள் அவர் மனைவி.

“ஒரு மிடறுதாண்டி. என் மிடறு.”

ஊறுகாயை என் மனைவி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அதற்குப் பிறகுதான் வேலை நடந்தது.

லேபிளின் பின்பக்கம் எழுதியிருந்ததை வாசித்துச் சொன்னேன். கறுப்புச் செர்ரி, புகையிலை, தோல்.

“தோலா? இன்னா தோலு?” என்றார் சகலை. “செருப்புத் தோலா, மேளத்துத் தோலா?”

அதைப் பற்றி லேபிளில் ஒன்றும் இல்லை. செர்ரியை நாங்கள் கேக்கின் மேல் பார்த்ததோடு சரி. என் மனைவி ஒரு சொட்டு நாக்கில் விட்டுக்கொண்டு, நாவல்பழம் என்றாள். தின்று முடித்த பிறகு நாக்கு சுருங்குமே அந்தக் கட்டம். தங்கை கொஞ்சம் கூடுதலாகவே குடித்தாள். அவளுக்குத் தேவை இருந்தது. வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்த மாதிரி முதலில் பிடிக்கிறது, அப்புறம் மரப்பெட்டி வாசனை என்றாள். சகலை தன் பங்குக்கு, வெல்லம் காய்ச்சுகிற கொப்பரையின் அடி என்றார். தீய்வதற்குச் சற்று முன்னால் அது அப்படித்தான் மணக்கும் என்றார். நான் திருத்திய எந்தக் கட்டுரையிலும் ஒயின் இவ்வளவு தெளிவாக எனக்குப் புரிந்ததில்லை.

சாப்பாட்டோடு சேர்த்தபோதுதான் தகராறு ஆரம்பித்தது. வஞ்சிர வறுவலைத் தின்றுவிட்டு ஒயினைக் குடித்தால், வாயில் துருப்பிடித்த ஆணியை வைத்த மாதிரி இருந்தது. மீன் குழம்போடு குடித்தபோது புளி ஒயினை அடித்து உட்கார வைத்தது. பிறகு மிளகாயும் ஒயினும் கைகோத்துக்கொண்டு தொண்டையில் இறங்கின. கருவாட்டோடு குடித்துப் பார்த்த சகலை எழுந்து தோட்டத்துப் பக்கம் போனார், கொஞ்ச நேரம் திரும்பவில்லை. சுட்ட கத்திரிக்காய் பரவாயில்லை. மிளகு போட்டு வறுத்த சேனைக்கிழங்கு நன்றாகவே இருந்தது. எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது, சகலை சட்டைப் பையில் கொண்டுவந்திருந்த உப்புக்கடலை. ஒரு பிடி கடலையை மென்றுவிட்டுக் குடித்தால் அந்த முரட்டு ஒயின் சாந்தமாக இறங்கியது.

“சொன்னேன்ல?” என்றார் அவர். “சைட் டிஷ்ஷுன்னா கடலதான். இதுக்குப் போயி மீட்டிங்கு.”

“பெங்களூர்லேர்ந்து வர்றவங்களுக்குக் கடலைய வறுத்துப் போட சொல்றியா?” என்றாள் அவர் மனைவி.

கடலை ஏன் பொருந்தியது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. மிளகாயைக் குறைத்து, புளியைத் தவிர்த்து, மிளகு தூக்கலாக எலும்போடு ஆட்டுக்கறி, முன்னால் சுட்ட கத்திரிக்காயும் சேனை வறுவலும் என்று பட்டியல் போட்டோம். மீன் அடியோடு நீங்கியது.

ஈஸ்டர் வந்தது. சகலை கோயில் வாசலைத் தாண்டினார். சனிக்கிழமை மத்தியானம் பாத்திரங்களையும் கல்யாண வேலைக்கு அவளோடு வரும் இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு, ஒரு மினி லாரியில் பாகூருக்குப் போனோம். கத்திரிக்காயையும் சேனையையும் எங்கள் வீட்டிலேயே செய்து தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டாள். கறி மட்டும் அங்கே போய்.

பண்ணை வீட்டின் பின்புறம் செங்கல் அடுப்புக் கட்டி விறகு வைத்திருந்தார்கள். விருந்தாளிகள் ஒரு மேஜை நிறைய இருந்ததால் பெரிய குண்டான் ஏறியது. மூன்று பெண்களும் சுற்றி நின்று வேலை செய்ததைப் பார்த்தேன். பேச்சே இல்லை. ஒருத்தி வெங்காயத்தைக் கொட்டினால் அடுத்தவள் கிளறினாள், மூன்றாமவள் விறகை இழுத்தாள். என்றைக்கும் எந்த மண்டபத்திலும் அப்படித்தான் செய்வார்கள். கறி வெந்து மிளகு வாசனை கரும்புத் தோட்டம் வரைக்கும் போனது. அவள் குண்டானை மூடினாள், கையை முந்தானையில் துடைத்தாள், ஒதுங்கி நின்றாள். மற்ற இருவரும் ஒதுங்கி நின்றார்கள். அந்த நேரத்தில் அதில் எனக்கு வித்தியாசமாக எதுவும் படவில்லை.

என்னையும் சகலையையும் மேஜையில் உட்கார வைத்தார்கள். சகலை துவைத்த சட்டையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பண்ணை வீட்டுக்காரர் தானே ஒயினை ஊற்றினார். கத்திரிக்காய் நல்ல பெயர் வாங்கியது. பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி சேனையை இரண்டாம் முறை கேட்டார். பிறகு பண்ணை வீட்டு வேலையாள் ஒருவர் கறியை எடுத்துவந்தார்.

பண்ணை வீட்டுக்காரர் ஒரு துண்டை மென்றார். ஒயினைக் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டைப் பார்த்தார். நானும் ஒரு துண்டை வாயில் போட்டேன். கறி பூப்போல வெந்திருந்தது. மிளகு இருந்தது, சோம்பு இருந்தது, உப்பு இல்லை. குறைவாக இருந்தது என்று சொல்ல முடியாது. அறவே இல்லை. அதன் மேல் ஒயினை ஊற்றியபோது வேப்பம்பட்டையை மென்ற மாதிரி மேல்வாய் இழுத்துப் பிடித்தது.

சகலை என் பக்கம் சாய்ந்தார். “சகல, கடல வெச்சிருக்கேன். குடுக்கட்டா?”

“சும்மா இருங்க” என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன்.

மூன்று பேரும் நான் விட்டுப்போன இடத்திலேயே நின்றிருந்தார்கள்.

“இன்னா மாமா சொல்றாங்க?” என்றாள். முகத்தில் அத்தனை ஆவல்.

“கறியில உப்பு போட்டியா?”

அவள் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவள் மூன்றாமவளைப் பார்த்தாள்.

“யாரும் வரலியே மாமா.”

“யாரு வரணும்?”

பதில் சொல்ல வாயைத் திறந்தவள், குண்டானைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாமவள்தான் முதலில் பேசினாள்.

“யக்கா. இன்னிக்கு நீதாங்கா மாஸ்டரு.”

“ஏசுவே,” என்றாள் என் மனைவியின் தங்கை.

வீட்டு அடுப்பில் அவள் உப்பை மறந்ததே இல்லை. விறகு, குண்டான், பக்கத்தில் அந்த இரண்டு பெண்கள் என்று சேர்ந்ததும் கை மண்டபத்துக்குப் போய்விட்டது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. குண்டானிலிருந்து கொதிக்கிற சாற்றை ஒரு சட்டியில் மொண்டாள். கல்லுப்பை ஒரு கை அள்ளினாள். அந்தக் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு விட்டது. கரைத்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் போட்டு, மறுபடி நக்கினாள். சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு நேராக மேஜைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

ஒவ்வொரு தட்டாகக் குனிந்து கறியின் மேல் ஒரு கரண்டி சாறு ஊற்றினாள். பந்தியில் அவள் பரிமாறி நான் பார்த்ததில்லை. அதெல்லாம் வேறு ஆட்கள் செய்வது.

பண்ணை வீட்டுக்காரர் மறுபடி ஒரு துண்டை மென்று, மறுபடி குடித்தார். நானும் குடித்தேன். சற்று முன்பு மேல்வாயை இழுத்த அதே ஒயின் இப்போது இறங்கியது. கசப்பு போய் நாவல்பழம் வந்தது, அதன் பின்னால் கொப்பரை அடியும் வந்தது. கடலை ஏன் பொருந்தியது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஞாயிறு இணைப்பு நின்று வெகுகாலம் ஆகியிருந்ததால் அதைப் போடுவதற்கு இடமில்லை.

“ஓ!” என்றார் பெங்களூர்ப் பெண்மணி. “முதல்ல உப்பில்லாம, அப்புறம் உப்போட! வித்தியாசம் தெரியறதுக்காகத்தானே?”

“ஆமா மேடம்,” என்றார் சகலை உடனே. “அதான் பிளானு.”

“பிளான் ஒண்ணும் இல்லீங்க,” என்றாள் அவர் மனைவி. சட்டி இன்னும் கையில் இருந்தது. “மறந்துட்டோம்.”

சகலை தட்டைப் பார்த்தார். நான் பண்ணை வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கோப்பையை முழுக்கக் காலி செய்துவிட்டுத்தான் பேசினார்.

“அடுத்த சனிக்கிழமையும் மறந்துடுங்க.”

“சார்?”

“எல்லாரும் ஒரு வாய் சாப்பிட்டு ஒயினைக் குடிச்சு மூஞ்சியைச் சுளிக்கிற வரைக்கும் மறந்திருங்க. அப்புறம் இதே மாதிரி சட்டியோட வாங்க.”

அவள் யோசித்தாள். வேலை கிடைத்துவிட்டது என்பது இன்னும் அவளுக்கு எட்டவில்லை என்று தோன்றியது.

“உப்பு நாந்தான் போடுவேன், சார். வேற யாரும் வரக் கூடாது.”

“வேற யாரு வரப்போறாங்க?”

“யாரும் வரமாட்டாங்க சார். அதானே பிரச்சினையே.”

திரும்பி வரும்போது மினி லாரியின் பின்னால் மூன்று பெண்களும் குண்டானோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தார்கள். முன்சீட்டில் சகலை அவ்வப்போது, “பிளானுன்னு சொன்னா இன்னா இப்போ? சொன்னா இன்னா?” என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டே வந்தார். டிரைவருக்கு விஷயம் தெரியாததால் ஆமாம் ஆமாம் என்றார்.

இப்போது சனிக்கிழமைதோறும் நடக்கிறது. விருந்தாளிகள் முகம் சுளிக்கிறார்கள், அவள் சட்டியோடு வருகிறாள், மேஜையில் கைதட்டுகிறார்களாம். சட்டிக்குப் பித்தளையில் ஒரு மூடி வாங்கியிருக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. என் மனைவி உப்பு ஜாடிக்குக் கையை நீட்டினாள்.

“அக்கா, இரு.”

“இன்னாடி?”

“நகரு. நான் போடறேன்.”

“என் வூட்டுக் குழம்புடீ இது.”

“குழம்பு உன்னுதுதான், நான் இல்லன்னு சொல்லல” என்று சொல்லிக்கொண்டே தங்கை ஜாடியைத் திறந்தாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் பேப்பரை விரித்துக்கொண்டேன். குழம்பில் உப்பு சரியாக இருந்தது. அதை அன்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாடு அமைதியாக முடிய வேண்டும்.